மாதுளைக் கிளையில் ஒரு கேமரா

அத்தியாயம் 11

கேமராவைத் தப்பாகப் பொருத்திவிட்டாள் என்று ரிஹாபை யாரும் குறை சொல்ல முடியாது. பொருத்திய அன்று அது சரியாகத்தான் இருந்தது. படத்தில் தெரிந்தது மாதுளை மரத்தின் வேரடியில் முள்ளெலி வந்து போகிற மண்தடம், தண்ணீர்த் தட்டு, பின்னால் பக்கத்து வீட்டுச் சுவரின் கீழ்ப்பாதி. அதற்கு மேல் ஒரு கல்கூடத் தெரியாது. மூன்று முறை ஏணியில் ஏறி இறங்கிச் சரிபார்த்திருந்தாள்.

அஜ்லூன் பெண்கள் பள்ளியில் பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் டீச்சர். தன் வீட்டுத் தோட்டத்துப் படம் கண்ட கம்பெனியின் கையில் போய்ச் சேருவது அவளுக்குப் பிடிக்காது. அதனால் எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். தோட்டத்தில் ஏதாவது அசைந்தால் கேமரா பத்து விநாடி படம் பிடிக்கும். படம் சமையலறை அலமாரி மேல், காலி ஹல்வா டின்னுக்குள் உட்கார்ந்திருக்கும் உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டரில் சேரும். அங்கிருந்து தபால்தலை அளவு படத்தோடு ஒரு லிங்க் மட்டும் குடும்பக் குரூப்புக்குப் போகும். லிங்க்கைத் திறக்க ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்ட்.

குரூப்பில் நாற்பத்து மூன்று பேர். விடிகாலை சுபுஹுத் தொழுகை நேரத்துக்குத் தவறாமல் வந்துபோவதால் முள்ளெலிக்கு 'ஹாஜியார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சென்ற அத்தியாயத்தை வெள்ளிக்கிழமை மாதுளை பறித்ததோடு நிறுத்தியிருந்தோம். தப்பு அங்கேதான் நடந்தது. இருபது கிலோ பழத்தைச் சுமந்து தாழ்ந்து நின்ற கிளை, பாரம் இறங்கியதும் ஒரு சாண் மேலே எழும்பிக்கொண்டது. கூடவே கேமராவும் எழும்பியது. பக்கத்து வீட்டுச் சுவர் அதற்குக் கீழே போய்விட்டது. ரிஹாபுக்கு வைஃபை தெரிந்த அளவுக்கு மாதுளை மரம் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை ஐந்து இருபதுக்குக் குரூப்பில் படம் வந்தது. முள்ளெலி இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எலுமிச்சை மரத்தடியில் ஒரு பெண், தலையில் முக்காடு இல்லாமல்.

பக்கத்து வீட்டில் இருக்கும் ஒரே பெண் தஹானி. மகன் அவ்னை வைத்து ஊரே அவளை உம் அவ்ன் என்றும் அவள் கணவரை அபு அவ்ன் என்றும் கூப்பிடும். அந்த அவ்னுக்குத்தான் ரிஹாபின் மகள் லுஜைனைப் பேசி, நிச்சயம் செய்து ஃபாத்திஹா ஓதியிருக்கிறது. வருகிற வியாழக்கிழமை நிக்காஹ்.

முதலில் விழித்தது இர்பிதில் இருக்கும் பெரியம்மா உம் துர்கி. அவள் குரல் செய்தி குரூப்பையே கிழித்தது.

"கண்ணை மூடுங்கடா பயலுங்களா! யாரும் தொறக்காதீங்க! அது ஹாஜியார் இல்ல, அடுத்த வீட்டுப் பொம்பள! யா ரப்பி, ரிஹாப், எங்கடி தூங்கற?"

ரிஹாப் சின்னப் படத்தைப் பார்த்தாள். மங்கலான சாம்பல் நிறத்தில் ஒரு தலை. அவ்வளவுதான் தெரிந்தது. ஃபோனைப் படுக்கையில் கவிழ்த்துப் போட்டாள். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் குரூப்பிலிருந்து அழித்தாள். ஓடிப்போய்க் கேமராவைக் கழற்றினாள். ஆறு மணிக்கு ஹல்வா டின்னுக்குள் இருந்த படத்தையும் பார்க்காமலே அழித்தாள். அந்தக் குடும்பத்தின் மற்றக் குறைகள் பத்து அத்தியாயமாக நாம் பார்த்தவைதான். கூச்சத்தில் மட்டும் யாரும் குறைந்தவர்கள் இல்லை. ஆளாளுக்கு "நான் தொறக்கல", "நானும் தொறக்கல" என்று எழுதினார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் தஹானிக்கு விஷயமே தெரிந்திருக்காது. உம் துர்கிதான் மனசு கேட்காமல் ஏழு மணிக்கு அவளைக் கூப்பிட்டாள். குடும்பத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்பதாக நினைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ஏழரைக்கு ரிஹாபின் ஃபோனில் தஹானியின் செய்தி வந்தது. 'வியாழக்கிழமையை இப்போதைக்கு நிறுத்தி வைப்போம். உங்கள் பக்கம் எல்லாரும் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்.'

*

லுஜைன் அழவில்லை. சமையலறை மேஜையில் ஒரு பெரிய பாத்திரத்தை வைத்துக்கொண்டு மாதுளை உரித்துக்கொண்டிருந்தாள். தோலை உரித்த வேகத்தைப் பார்த்தால் அழுதிருந்தால் தேவலை என்று தோன்றியது.

"யம்மா, உங்க முள்ளெலிக்கு விளையாட என் கல்யாணம்தான் கிடைச்சுதா?"

"கிளை எழும்பும்னு நான் கண்டேனா?"

"கிளை எழும்பலைன்னா மழை, மழை இல்லைன்னா பூனை. அடுத்த வீட்டுப் பக்கம் கேமராவைத் திருப்பி வைக்கக் கூடாதுன்னு எட்டாங்கிளாஸ் பிள்ளைக்குப் பாடம் நடத்தறீங்க இல்ல?"

ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துகிற பாடம் அது. திருத்தினால் மகள் பாத்திரத்தைத் தூக்கி எறிவாள்.

"அவ்ன் என்ன சொல்றான்?"

"ஃபோன் எடுக்கல. அக்கபா துறைமுகத்துல ராத்திரி டூட்டி. தூங்கறானோ, கோபமோ, யாருக்குத் தெரியும்?" லுஜைனின் விரல்கள் நின்றன. "கோபம்னா நேரா சொல்ற ஆளுதான் யம்மா அவன். இப்படிப் பேசாம இருக்கமாட்டான்."

இந்தச் சம்பந்தம் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்ததல்ல. நாலு வருஷமாக லுஜைன் மனசுக்குள் வைத்திருந்தது. பெண் வாய்விட்டுச் சொல்லவே இரண்டு வருஷம் ஆனது. அதை ஒரு மரக்கிளை ஒரு காலையில் கெடுத்துவிடுமா?

மிக்தாத் உள்ளே வந்தான். ரிஹாபின் கணவன். எண்ணெய்ச் செக்கு மெஷின்கள் ரிப்பேர் செய்கிறவன், நல்லவன், ரத்தக் கொதிப்புக்காரன். மூன்று வாரமாக வீட்டில் அவனுக்குக் காலையில் ஒரே ஒரு காபி. டப்பா ரிஹாபின் துணி அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது.

"பெரியப்பா ஹாஜி அபு துர்கி இர்பித்லேர்ந்து கிளம்பிட்டார். பதினொரு மணிக்கு நானும் அவரும் அபு அவ்ன்கிட்ட முறைப்படி போய்க் கேட்கறோம்," என்றான்.

"என்ன கேட்கப் போறீங்க?"

"மன்னிப்பு. அப்புறம் வியாழக்கிழமை வியாழக்கிழமையாவே இருக்கணும்னு."

முறை என்ன என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேட்க வந்தவன் முன்னால் காபி வைப்பார்கள். அவன் தொடமாட்டான். வந்த காரியத்தைச் சொல்வான். 'கேட்டது கிடைச்சாச்சு, குடி' என்று வீட்டுக்காரன் சொன்ன பிறகுதான் கிண்ணம் வாய்க்குப் போகும். சொல்லவில்லை என்றால் காபி ஆறிக்கொண்டே இருக்கும், வந்தவன் உட்கார்ந்துகொண்டே இருப்பான். இதைவிட எளிதான வேலை உலகத்தில் கிடையாது. ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும்.

ரிஹாப் கணவனின் சட்டைக் காலரைச் சரிசெய்து அனுப்பினாள்.

*

பதினொன்றே முக்காலுக்குத் திரும்பி வந்தார்கள். முதலில் ஹாஜியின் கைத்தடிச் சத்தம் கேட்டது. பின்னால் மிக்தாத், பள்ளிக்கூடத்திலிருந்து துரத்திவிட்ட பையன் மாதிரி.

"கேளும்மா உன் புருஷனை! என்ன பண்ணினான்னு கேளு!"

"என்னாச்சு பெரியப்பா?"

"குடிச்சுட்டான்!"

"எதை?"

"எதைன்னு கேட்கறா பாரு! காபியை! நான் இன்னும் பிஸ்மில்லாஹ்கூடச் சொல்லல. அபு அவ்ன் கிண்ணத்தை வெச்சான். நான் தொண்டையைச் செருமறேன். திரும்பிப் பார்த்தா இவன் மடக் மடக்னு குடிச்சு, இன்னும் கொஞ்சம் ஊத்துங்கன்னு கிண்ணத்தை வேற நீட்டறான்!"

லுஜைன் கையிலிருந்த மாதுளையைப் பாத்திரத்தில் போட்டாள். "யாபா!"

"ஏலக்காய் வாசனைம்மா," என்றான் மிக்தாத் ஈனசுரத்தில். "மூணு வாரமா நாளைக்கு ஒரே கிண்ணம்தான். கை தானா போயிடுச்சு. வாய்க்குள்ள போனதுக்கு அப்புறம்தான் ஞாபகமே வந்தது."

"இந்த எழுபத்தாறு வயசுக்குள்ள முப்பது கொலை வழக்கு சமாதானம் பேசியிருக்கேன். காபியைக் குடிச்சுட்டு மன்னிப்புக் கேட்டவனை இன்னிக்குத்தான் பார்க்கறேன்!"

"அபு அவ்ன் என்ன சொன்னார்?" என்று கேட்டாள் ரிஹாப்.

ஹாஜியின் கோபம் கொஞ்சம் இறங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதான் எனக்கும் புரியல. அவன் கோபப்படல. சிரிக்கவும் இல்ல. இவனுக்கு இன்னொரு கிண்ணம் ஊத்தினான். 'ஹாஜி, எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல. ஆனா இது என் கையில இல்ல. அவகிட்டதான் கேட்கணும்'னு சொன்னான். கண்ணெல்லாம் கலங்கின மாதிரி இருந்துது. ஒரு முக்காட்டுக்கு எவனாவது கண் கலங்குவானா?"

லுஜைன் கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"நீங்க போங்க யம்மா. ஆம்பளைங்க போய்க் கெடுத்தாச்சு. ஒரு பொம்பள விஷயத்துக்கு ரெண்டு கிழவங்களை அனுப்பினா வேற என்ன ஆகும்?"

"யாருடி கிழவன்?" என்றான் மிக்தாத்.

*

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு ரிஹாப் கிளம்பினாள். கையில் மாதுளை முத்துப் பாத்திரம். வெறுங்கையோடு போக முடியாது.

கதவைத் திறந்தது தஹானி. உள்ளே அழைத்தாள். அவள் முகத்தில் கோபம் தெரியவில்லை. சோர்வுதான் தெரிந்தது. ரிஹாபின் கண்ணில் முதலில் பட்டது முக்காடு. வீட்டுக்குள், ஒரு பெண் முன்னால், இறுக்கிச் சுற்றி ஊசி குத்திய முக்காடு. பெண்களுக்குள் யார் இப்படிக் கட்டுவார்கள்? நாலு மாதமாகவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறாள், ரிஹாப் அதை வயசானதால் வந்த பக்தி என்று நினைத்திருந்தாள். இன்றைக்கு அது தன்னை அந்நியளாக்கியதாகப் பட்டது. வருத்தமாக இருந்தது.

தஹானி இரண்டு கிண்ணம் காபி கொண்டுவந்தாள். ரிஹாப் தன் கிண்ணத்தை எடுத்து, வாயருகே கொண்டுபோகாமல், மேஜையில் வைத்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

தஹானி கிண்ணத்தைப் பார்த்தாள்.

"இதென்ன, ஆம்பளைங்க பழக்கம்?"

"ஆம்பளைங்களுக்குச் சரியா வரல அக்கா. நானே வந்துட்டேன்."

"உன் வீட்டுக்காரர் ரெண்டு கிண்ணம் குடிச்சாராமே." தஹானியின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பாக மாறவில்லை. "எத்தனை பேரு அந்தக் குரூப்புல?"

"நாப்பத்திமூணு."

"நாப்பத்திமூணு பேரு. ஊர்ல வேற யாரு பாக்கி?"

"அக்கா, தப்பு முழுக்க என்னோடது. கேமராவைக் கழட்டியாச்சு. இனிமே தோட்டத்துல அது இருக்காது. கோபத்தை என்மேல காட்டுங்க. லுஜைன் என்ன பண்ணினா? வியாழக்கிழமையை நிறுத்தாதீங்க."

"நான் எங்க நிறுத்தினேன்? உங்களுக்கு வழி விட்டேன்." தஹானி எதிரில் உட்கார்ந்தாள். "பார்த்ததுக்கு அப்புறமும் நீங்க பொண்ணைக் கொடுக்கணும்னு என்ன கட்டாயம்? நாளைக்கு அந்தப் பிள்ளை இந்த வீட்டுக்கு வந்து மொத வேலையா எனக்குக் கஞ்சி காய்ச்சணுமா? அதான் எல்லாரும் யோசிச்சுக்கங்கன்னு எழுதினேன். யாருக்கும் சங்கடம் வேண்டாம்னு."

ரிஹாபுக்குப் புரியவில்லை. "கஞ்சியா? எதுக்கு?"

தஹானி அவளை உற்றுப் பார்த்தாள்.

"நீ பார்க்கலையா?"

"இல்லக்கா. ஃபோனைக் கவுத்துப் போட்டுட்டேன்."

"உம் துர்கி?"

"கண்ணை மூடுங்கன்னு கத்தினதே அவங்கதான்."

"மிக்தாத்?"

"அவரு ஃபோனையே என் கையில கொடுத்து அழிக்கச் சொன்னாரு."

தஹானி சிரித்தாள். முதலில் மூச்சு மாதிரி வந்தது, பிறகு தோள் குலுங்கியது. "நாப்பத்திமூணு பேரும் கண்ணை மூடிக்கிட்டீங்க. நான் ஒருத்தி காலைலேர்ந்து செத்துக்கிட்டிருக்கேன். கடைசியில என் வாயாலயே சொல்லிட்டேன்."

சிரித்துக்கொண்டே முக்காட்டின் ஓரத்தை நெற்றியிலிருந்து இரண்டு விரல் தள்ளினாள். அங்கே முடி இல்லை. புருவமும் மையால் வரைந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. நாலு மாதமாக வாரம் மூன்று தடவை இந்த முகத்தைப் பார்த்து வெங்காய விலை பேசியிருக்கிறோமே என்று ரிஹாபுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"ஜூன்ல கண்டுபிடிச்சாங்க. மார்பு," என்றாள் தஹானி. செய்தி வாசிப்பவள் போல அளந்து பேசினாள். "மூணு ஞாயித்துக்கிழமைக்கு ஒருக்கா அம்மான் போறோம். இவர் கேட்கறவங்ககிட்ட எல்லாம் டிராக்டர் பார்ட்ஸ் வாங்கப் போறதா சொல்றார். இன்னும் மூணு ஊசி பாக்கி. டாக்டர் நல்லாத்தான் சொல்றார்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா."

"உன்கிட்ட சொன்னா லுஜைனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிஞ்சா அவ்னுக்குத் தெரியும். அவ்னுக்குத் தெரிஞ்சா துறைமுக வேலையை விட்டுட்டு வந்து என் கட்டில்கிட்ட உக்காந்துடுவான். ஆறு மாசம்தான் ஆகுது அந்த வேலை கிடைச்சு. நிக்காஹை ஒரு வருஷம் தள்ளுவான். அப்புறம் எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்னும் ஒரு வருஷம். அந்தப் பொண்ணு எத்தனை வருஷம் காத்திருப்பா?"

"ஏன் விடிகாலைல வெளில வந்தீங்க, குளிர்ல?"

"அப்பதான் தலைல காத்துப் படும். வீட்டுக்குள்ள கண்ணாடி இருக்கு."

தஹானி தன் கிண்ணத்தை எடுத்தாள். குடிக்கவில்லை. ரிஹாபின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என் வீட்டுல நானே கேட்கறேன். வியாழக்கிழமை முடியற வரைக்கும் அவ்ன் காதுக்குப் போகக் கூடாது."

நிக்காஹ் நடக்க வேண்டும் என்று கேட்கத்தான் ரிஹாப் வந்தாள். அது கிடைத்துவிட்டது, இந்த ஒரு வாக்கைக் கொடுத்தால். மகளிடம் ஐந்து நாள் மறைக்க வேண்டியிருக்கும். அது சரியா என்று யோசிக்க நேரம் இல்லை, யோசிக்க விருப்பமும் இல்லை.

"கேட்டது கிடைச்சாச்சு. குடிங்க அக்கா."

"அப்ப நீயும் குடி."

இரண்டு பேரும் குடித்தார்கள். காபி ஆறிப்போயிருந்தது.

அதோடு ரிஹாப் எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவளுக்குள் இருந்த டீச்சர் சும்மா இருக்கவில்லை. தஹானியின் மனசில் துளி சந்தேகம்கூட மிச்சம் இருக்கக் கூடாது என்று பட்டது. ஃபோனை எடுத்தாள்.

"அக்கா, சத்தியம் பண்றதை விட நல்ல சாட்சி இருக்கு. எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் ஸ்கூல் ஹாஜர் புத்தகம் மாதிரி. யாரு, எப்ப, எதைத் தொறந்தாங்கன்னு எழுதி வெச்சுக்கும். படத்தை அழிச்சாலும் அந்தக் கணக்கு இருக்கும். யாருமே தொறக்கலைன்னு கண்ணால பாருங்க."

விரலால் தேடினாள். சனிக்கிழமை. ஐந்து இருபது. படத்தின் எண்ணுக்கு நேராக ஒரு பெயர் இருந்தது. ஒரே ஒரு பெயர்.

உம் துர்கியாக இருக்கக் கூடாதா என்று ரிஹாப் உள்ளுக்குள் கெஞ்சினாள். உம் துர்கியின் பெயர் இல்லை.

அவ்ன். 5.22. அவ்ன். 5.23. அவ்ன். 5.25. அவ்ன். 5.31. அவ்ன். 5.40.

வருகிற மருமகன் என்று அவளேதான் அவனைக் குரூப்பில் சேர்த்திருந்தாள். அவளேதான் பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்திருந்தாள்.

"என்ன? யாரு?" என்றாள் தஹானி.

ஃபோனை மறைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கை கேட்கவில்லை. திருப்பிக் காட்டினாள்.

தஹானி மேஜையிலிருந்த மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். படித்து முடித்த பிறகும் கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாரும் கண்ணை மூட வேண்டியவங்க," என்றாள் மெதுவாக. "அவன் எதுக்கு மூடணும்? அவனைப் பெத்தவ நான். அவன் பார்க்கலாம்."

"அக்கா..."

"வாரத்துக்கு ஒருக்காதான் கூப்பிடுவான். இன்னிக்குக் காலைலேர்ந்து நாலு தடவை கூப்பிட்டான். ஒண்ணும் பேசல. 'சாப்பிட்டியா யம்மா?' அவ்வளவுதான் கேட்டான். நாலு தடவையும் அதையேதான் கேட்டான். கடைசித் தடவை நான் திட்டிட்டேன், ராத்திரி முழிச்சவன் படுத்துத் தூங்குடா, என் உயிரை வாங்காதன்னு."

ரிஹாபின் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

அடுப்பு மேடையில் தஹானியின் ஃபோன் அடித்தது. ரிஹாப் எடுத்துவந்து கொடுத்தாள். அவ்ன்தான். இந்தத் தடவை முகம் பார்த்துப் பேசுகிற வீடியோ அழைப்பு.

தஹானி அதைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்க விட்டாள். இன்னொரு கை தாடையடியில் முக்காட்டு ஊசியைக் கழற்றப் போனது.

"ரிஹாப், அந்தக் கதவைச் சாத்து," என்றாள்.

ரிஹாப் போய்க் கதவைச் சாத்தினாள்.